மடி நிறையுமா?

கோட்டைப்பட்டினம்! பெயரிலே கோட்டை இருக்கிறது. பெயரிலே பட்டினமும் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில், பாக் நீரிணையை ஒட்டிய அந்தக் கடற்கரைச் சிற்றூரில், ஒரு மாலைப் பொழுதில் பேருந்தை விட்டு இறங்கிய நம்மைக் கொத்தளமும் வரவேற்கவில்லை, கொடிமரமும் வரவேற்கவில்லை. உப்புக் காற்று வரவேற்றது. உலரும் வலையின் வாடை வரவேற்றது. படிப்பகத் திறப்பு விழாவுக்கு நம்மை அழைத்திருந்த இளைஞர்களின் அன்பு வரவேற்றது.

அன்றிரவு பேசினோம். கடலோர மக்கள் கூடியிருக்கும் இடத்தில் எதைப் பேசுவது? கச்சத்தீவைப் பேசினோம். 1974ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்திய அரசும் இலங்கை அரசும் செய்துகொண்ட உடன்பாட்டைப் பேசினோம். தமிழ்நாட்டு மக்களைக் கேளாமல் கோடு கிழித்தார்களே, அந்தக் கோட்டைப் பேசினோம். 1976இல் அந்தக் கோடு மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் நீண்டதையும், இவ்வரசின் மீனவர் அவ்வரசின் நீரில் மீன்பிடிக்கலாகாது என்று கடிதம் மாற்றிக்கொண்டதையும் பேசினோம். “அந்தக் கடல் மீண்டால் அன்றே உங்கள் மடி நிறையும்!” என்று முடித்தோம். கையொலி கடலொலியை வென்றது. நண்பர் வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உறங்கினோம்.

அந்த நிம்மதி விடியும் வரைதான் நீடித்தது.

“படகு வந்துடுச்சு, ஏலம் பார்க்கலாம் வாங்க” என்று நண்பர் எழுப்பினார். பாக் நீரிணையிலே ஓர் ஏற்பாடு உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகள் செல்லும். மற்ற நாட்களில் நாட்டுப்படகுகள் செல்லும். இருவரும் ஒரே நாளில் சென்றால் இழுவலை சிறுவலையை அறுக்கும் என்பதால் மீனவரே பேசி வகுத்துக்கொண்ட முறை அது. முதல் நாள் கடலுக்குச் சென்ற விசைப்படகுகள் அந்த வைகறையில் திரும்பிக் கொண்டிருந்தன. ஐஸ் பெட்டிகள் இறங்கின. இறால் தனியாக, நண்டு தனியாக, கணவாய் தனியாகப் பிரிக்கப்பட்டன. வியாபாரிகள் விலை கூறினார்கள்.

இறால் கூடை சிறியதாயிருந்தது. நண்டுக் கூடையும் சிறியதாயிருந்தது. அவற்றின் பக்கத்திலே மார்பளவு உயரத்துக்கு ஒரு குவியல் கிடந்தது. விரலளவு மீன்கள், நகத்தளவு நண்டுகள், நசுங்கிய சிப்பி, பிய்ந்த புல், சேறு எல்லாம் கலந்த குவியல். “இதென்ன?” என்றோம். “சங்காயம்” என்றார் நண்பர். உணவுக்கு உதவாதென்று ஒதுக்கப்படுவது. கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் அள்ளிச் செல்லப்படுவது.

அந்தக் குவியலின் ஓரத்திலே குந்தியிருந்து, தேறுவதைப் பொறுக்கிக் கொண்டிருந்தார் ஒரு மூதாட்டி. நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“ராத்திரி மேடையில பேசுன தம்பிதானே?”

“ஆமாம் ஆத்தா.”

குவியலிலிருந்து ஒரு குஞ்சு மீனை எடுத்து நம் உள்ளங்கையிலே வைத்தார். “இது என்ன மீனுன்னு சொல்லுங்க.”

நமக்குத் தெரியவில்லை. கடலைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிய நமக்கு, கையிலிருந்த மீனின் பெயர் தெரியவில்லை.

“சீலாக் குஞ்சு. விட்டிருந்தா என் கை நீளம் வந்திருக்கும்” என்றார். பிறகு, குறையாகவும் சொல்லாமல் கோபமாகவும் சொல்லாமல், ஒரு கேள்வி கேட்டார். “கச்சத்தீவ வாங்கிட்டா மடி நெறையும்னீங்க. இந்தக் கரையிலேயே நெறஞ்ச மடிய நான் பாத்திருக்கேன் தம்பி. அத எந்த நாட்டுக்காரன் வந்து அள்ளிக்கிட்டுப் போனான்?”

மேடையிலே மறுமொழி சொல்லப் பழகிய நாவுக்கு அன்று மறுமொழி வரவில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கற்றவரைக் கேட்டோம்; கடலோடிகளைக் கேட்டோம்; கிடைத்ததைப் படித்தோம். அந்த அன்னைக்கு நாம் தரவேண்டிய விடைதான் இக்கட்டுரை.

முதலில் கடலைப் பார்ப்போம். பாக் நீரிணை ஆழ்கடலன்று. பெரும்பகுதியில் பதின்மூன்று மீட்டர் ஆழத்தைக்கூட எட்டாத பரப்பு அது. மீனவர் கணக்கிலே ஏழு பாகம் என்றால் மிகை. ஆழமில்லாத அந்தக் குறையே அதன் செல்வம்! கதிரவன் ஒளி தரைவரை செல்கிறது. ஒளி செல்லும் தரையிலே புல் முளைக்கிறது. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. புல்லுக்கு வேர் உண்டு, இலை உண்டு, பூவும் உண்டு. அலைக்கடியிலே பூத்துக் காய்க்கும் புல்வெளி அது. அந்தப் புல்வெளிதான் இறால் குஞ்சுக்குத் தொட்டில். நண்டுக் குஞ்சுக்கு ஒளிவிடம். ஓரா மீனுக்கு மேய்ச்சல் நிலம். ஆவுளியா என்று கடலோடிகள் அழைக்கும் கடற்பசு, தன் பிள்ளையோடு மேய்வதும் அங்கேதான். வயலுக்கு நாற்றங்கால் எப்படியோ, அப்படி இந்தக் கடலுக்கு அந்தப் புல்வெளி. நாற்றங்காலை உழுதுவிட்டு நடவுக்குப் பயிர் தேடுபவனை உழவன் என்று உலகம் ஒப்புமா?

ஆனால் அதைத்தான் செய்தோம். செய்யச் சொன்னவர்களும் உண்டு.

1952இல் ஐக்கிய நாடுகள் அவையும், நார்வே நாடும், இந்தியாவும் ஓர் ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டு கேரளக் கரையிலே, கொல்லத்துக்கு அருகே நீண்டகரையை ஒட்டி, இந்தோ-நார்வீஜியத் திட்டம் தொடங்கியது. நோக்கம் நல்ல நோக்கம்: எந்திரப் படகு தந்து மீனவரை உயர்த்துவது. முதலில் சிறு எந்திரப் படகுகள் வந்தன. பின்னர் அமெரிக்காவும் ஜப்பானும் நம் இறாலுக்கு நல்ல விலை தரத் தொடங்கின. இறால் தரையோரத்தில் வாழ்வது. தரையை வாரினால்தான் அது கிடைக்கும். எனவே இழுவலை வந்தது. அரசு மானியம் தந்தது. வங்கி கடன் தந்தது. வெளிநாட்டுச் சந்தை விலை தந்தது. கேரளத்தில் தொடங்கிய அந்த அலை தமிழ்நாட்டின் கரைகளையும் நனைத்தது. இராமேசுவரம், மண்டபம், ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், மல்லிப்பட்டினம் என்று பாக் நீரிணையைச் சுற்றிலும் விசைப்படகுகள் பெருகின. அந்தப் படகை வாங்கியவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் முன்வரவில்லை. ‘வளர்ச்சி’ என்று எழுதி அவன் கையிலே கொடுத்தார்கள்; அவன் நம்பினான்.

இழுவலை எப்படி இயங்குகிறது? கூம்பு போன்ற பெரிய வலையைப் படகு இழுத்துச் செல்கிறது. வாயின் இருபுறமும் கனத்த பலகைகள். அவை விலகி நின்று வலையின் வாயைத் திறந்து வைக்கின்றன. வாயின் அடியிலே சங்கிலியும் ஈயமும் தரையை உரசிச் செல்கின்றன. உரசும்போது சேறு எழும். ஒளிந்திருந்த இறால் எழும். புல் வேரோடு எழும். எல்லாம் கடைசியிலே உள்ள மடியிலே போய்ச் சேரும். மடியின் கண் பெரிதாயிருந்தால் குஞ்சாவது தப்பும். கண்ணையும் சிறிதாக்கி விட்டால் தப்புவது தண்ணீர் மட்டுமே! இரு படகுகள் சேர்ந்து ஒரு வலையை இழுக்கும் இரட்டைமடி வந்தால் கேட்கவே வேண்டாம். தடை செய்யப்பட்ட முறை அது. தடையும் இருக்கிறது, முறையும் இருக்கிறது.

இப்போது அந்தச் சங்காயக் குவியலை எண்ணிப் பாருங்கள். கிலோ நூற்றுக்கணக்கில் விலை போகவேண்டிய சீலா, விரலளவிலே வாரப்பட்டுச் சில ரூபாய்க்குத் தீவனமாகிறது. இன்றைக்கு இறால் போதவில்லை. டீசல் செலவை ஈடுகட்டவேண்டும். எனவே சங்காயத்தையும் அள்ளு! சங்காயத்தை அள்ளியதால் அடுத்த ஆண்டு இறாலும் இல்லை, சீலாவும் இல்லை. எனவே இன்னும் அதிக நேரம் இழு, இன்னும் அதிக டீசல் ஊற்று! இழப்பை ஈடுகட்டச் செய்யும் செயலே அடுத்த இழப்பின் விதை. இந்தச் சக்கரத்திலே அகப்பட்டவன் நாளையின் மீனை இன்று விற்கிறான். அதுவும் அடிமாட்டு விலைக்கு விற்கிறான்.

“எந்த நாட்டுக்காரன் அள்ளிக்கொண்டு போனான்?” என்றாரே மூதாட்டி! எந்த நாட்டுக்காரனும் வரவில்லை தாயே. நாமேதான் அள்ளினோம்.

இக்கரையிலே மீன் குறைந்தது. அக்கரைப் பக்கம் மீன் இருந்தது. ஏன் இருந்தது? 1983 முதல் 2009 வரை இலங்கையில் போர். ஈழத்து மீனவனைக் கடலிலே இறங்கவிடாமல் தடுத்தார்கள். பாதுகாப்பு வளையம் என்றார்கள்; எரிபொருளுக்குத் தடை என்றார்கள்; எந்திரத்துக்கு வரம்பு என்றார்கள். அவன் பிடிக்காத மீன் அங்கே பெருகியது. நம் படகுகள் அதைத் தேடிச் சென்றன. போர் முடிந்தது. முள்வேலிக்குள்ளிருந்தும் அகதி முகாமிலிருந்தும் திரும்பி வந்த ஈழத்தமிழ் மீனவன், கடன் வாங்கி ஒரு சிறு படகும் சில வலைகளும் வாங்கினான். இரவிலே வலையைப் பாய்ச்சினான். விடியலில் வந்து பார்த்தால் வலை இல்லை. அறுத்துச் சென்றது எது? நம் கரையிலிருந்து சென்ற இழுவலை!

இதை எழுதும்போது நம் கை நடுங்குகிறது. ‘தொப்புள்கொடி உறவு’ என்று எத்தனை மேடைகளில் முழங்கியிருப்போம்! அந்த உறவின் வலையைத் தமிழனின் படகே அறுக்கிறது என்பதை எந்த மேடையிலாவது சொன்னோமா? இல்லை. கையொலி வராது என்று அஞ்சினோம்.

இப்படிச் சொல்வதால் இலங்கைக் கடற்படையின் கொடுமையை நாம் மறைக்கிறோம் என்று எவரும் எண்ணவேண்டா. 2021ஆம் ஆண்டு சனவரியில் இதே கோட்டைப்பட்டினத்திலிருந்து சென்ற படகு ஒன்று, கடற்படைக் கலம் மோதியதாகக் கூறப்பட்ட நிகழ்ச்சியில் மூழ்கியது. நால்வர் பிணமாயினர். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமில் வாழ்ந்த ஈழத்து ஏதிலி என்பதை எண்ணும்போது நெஞ்சு வெடிக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு படகு அவ்வாறே மூழ்கியது. இளைஞர் ஒருவர் மாண்டார். எல்லை தாண்டியவனைச் சட்டப்படி பிடிக்கலாம். சாகடிக்க எந்தச் சட்டமும் உரிமை தரவில்லை. அதைக் கண்டிப்போம், என்றும் கண்டிப்போம். ஆனால் கண்டனத்தோடு நம் கடமை முடிந்துவிட்டதா? இறந்தவனுக்குக் கண்ணீர் வடிக்கிறோம். இருப்பவனை ஏன் மறுபடியும் அங்கே அனுப்புகிறோம்? இக்கரையிலே மீன் இருந்திருந்தால் அவன் அக்கரைக்கு ஏன் போகிறான்?

2010இல் ஈழத்து மீனவர் தூதுக்குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது. இருகரை மீனவரும் உட்கார்ந்து பேசினார்கள். ஓராண்டுக்குள் இழுவலையைக் கைவிடுவதென்று பேசி முடித்தார்கள். பேசியவர் மீனவர், நிறைவேற்ற வேண்டியவர் அரசினர். ஏடு ஏடாகவே கிடந்தது. 2017இல் இலங்கை தன் நாட்டில் இழுவலையைச் சட்டத்தால் தடைசெய்தது. அடுத்த ஆண்டு, எல்லை தாண்டும் அயல்நாட்டுப் படகுக்குரிய தண்டத்தையும் பன்மடங்கு உயர்த்தியது. நம் பக்கமோ, பிடிபட்ட படகுக்காகக் கடிதம் எழுதுவதே கொள்கையாயிற்று.

இனி, கடலிலிருந்து கரைக்கு வருவோம். கடலிலே சுறா உண்டென்று அஞ்சுகிறோம். கரையிலே கடன் உண்டு, அதற்கு அஞ்சுவதில்லை.

ஒரு படகு கடலுக்குச் செல்லவேண்டுமானால் டீசல் வேண்டும், ஐஸ் வேண்டும், ஆட்களுக்கு முன்பணம் வேண்டும். படகுக்காரனிடம் கைப்பணம் இல்லை. வியாபாரி கொடுக்கிறார். வட்டி கேட்பதில்லை, எவ்வளவு பெருந்தன்மை! ஆனால் ஒரே ஒரு நிபந்தனை: பிடிக்கும் மீனை எனக்கே போடவேண்டும். விலையை யார் சொல்வது? அவரே. எடையை யார் போடுவது? அவரே. கழிவு எவ்வளவு, தரகு எவ்வளவு? அதையும் அவரே சொல்வார். கடனை அடைத்தாலன்றி வேறொருவரிடம் விற்க முடியாது. வேறொருவரிடம் விற்றாலன்றிக் கடனை அடைக்க முடியாது! உழவனைப் பிணைத்த பண்ணையடிமைச் சங்கிலி இரும்பாலானது. மீனவனைப் பிணைத்த இந்தச் சங்கிலி நைலானாலானது. கண்ணுக்குத் தெரிவதில்லை.

2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் இந்தக் கரையைச் சூறையாடியது. படகுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நொறுங்கின. அரசின் நிவாரணம் வரும்வரை எந்த வயிறு காத்திருக்கும்? அப்போதும் கைகொடுத்தது கடன்தான். புயல் ஓரிரவில் கடந்துவிட்டது. அது விட்டுச்சென்ற கடன் பல வீடுகளில் இன்னும் கடக்கவில்லை.

நார்வேயை மீண்டும் நினைத்துக் கொள்வோம். நமக்கு எந்திரம் தந்த அந்நாட்டில் 1938இலேயே ஒரு சட்டம் பிறந்தது. மீனவன் பிடித்த மீனின் முதல் விற்பனை, மீனவருக்கே உரிய விற்பனைச் சங்கத்தின் வழியாகத்தான் நடக்கவேண்டும். குறைந்த விலையையும் அச்சங்கமே வகுக்கும். வாங்குபவன் எவ்வளவு பெரியவனானாலும் அந்த விலைக்குக் கீழே வாங்க முடியாது. 2013இல் அச்சட்டத்தைப் புதுப்பித்தார்கள், கொள்கையைக் கைவிடவில்லை. காண்க! நார்வேயின் எந்திரம் நம் கரைக்கு வந்தது. நார்வேயின் சட்டம் வரவில்லை. அவர்கள் தரவில்லை என்பதைவிட, நாம் கேட்கவில்லை என்பதே உண்மை. கருவியை இறக்குமதி செய்வோம். நீதியை இறக்குமதி செய்யோம்!

‘அது குளிர் நாடு, படித்த நாடு, இங்கே நடக்குமா?’ என்பாருக்கு அண்டையிலேயே விடை இருக்கிறது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே மரியநாடு என்றொரு சிறு மீனவர் குப்பம். அறுபதுகளின் இறுதியிலே அங்குள்ள மீனவர் ஒன்றுகூடி, தம் மீனைத் தாமே ஏலம்விடத் துணிந்தனர். வியாபாரிகள் மிரட்டினர், குப்பம் அசையவில்லை. அந்தச் சிறு பொறியிலிருந்து வளர்ந்ததுதான் 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு. நம் குமரி மாவட்டத்துக் கரைகளிலும் அவ்வகைச் சங்கங்கள் வேரூன்றின. குமரியிலே கூடுவது கோட்டைப்பட்டினத்திலே கூடாதா?

கூடாது என்று சொல்ல ஒருவன் எப்போதும் நம்மிடையே இருக்கிறான். அவன் பெயர் விதி. ‘கடல் அன்னை தந்தால் உண்டு, தராவிட்டால் இல்லை.’ மீன் குறைந்தால் கண்ணேறு. படகின் முகப்பிலே எலுமிச்சம்பழம். வலையின்மீது பெண்ணின் நிழல் விழுந்தால் தீட்டு! இதைச் சொல்பவனை ஒன்று கேட்போம். உன் மீனைப் பிரிப்பது பெண். கூடை சுமந்து ஊர் ஊராக விற்பது பெண். வலை பழுது பார்ப்பது பெண். கடனுக்குக் கெஞ்சி நிற்பதும் பெண். அவள் கை பட்ட பணம் தீட்டாகவில்லை. நிழல் பட்ட வலை மட்டும் தீட்டாகிவிட்டதா? மீனை விரட்டியது அவளுடைய நிழலன்று. நீ இழுத்த பலகை.

பழந்தமிழன் கடலை அஞ்சியும் வாழ்ந்தான், அளந்தும் வாழ்ந்தான். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், முழுநிலா நாளில் கடலுக்குச் செல்லாமல் சுறவின் கொம்பை நட்டு வழிபட்டு, ஆடிக் களித்திருந்தனர். கொம்பு வழிபாட்டை நாம் போற்றவில்லை. அந்த ஓய்வைப் போற்றுகிறோம். மீனவனுக்கு ஒருநாள் ஓய்வென்றால் மீனுக்கும் ஒருநாள் ஓய்வு. அதே அறிவைத்தான் இன்று அறிவியல் சட்டமாக்கியிருக்கிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடைக்காலம், 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாளாயிற்று. மீன் முட்டையிடும் காலத்தில் விசைப்படகு கரையில் நிற்கவேண்டும். நல்ல சட்டம். ஆனால் அறுபத்தொரு நாள் வளர்த்ததை அறுபத்திரண்டாம் நாள் சிறுகண் மடியால் வாரினால் வளர்த்ததன் பயன் என்ன?

1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையை ஒட்டிய கடற்பரப்பில் விசைப்படகு மீன்பிடிக்கலாகாது என்கிறது. அந்தக் கரையோரப் பரப்பு நாட்டுப்படகுக்காரனின் உரிமை. ஒருபுறம் அந்தக் கரையோரப் பரப்பு. மறுபுறம் பன்னாட்டு எல்லை. நடுவிலே எஞ்சுவது ஒரு குறுகிய பட்டை. அந்தப் பட்டையிலே இத்தனை விசைப்படகுகளுக்கும் இடமில்லை என்பது கணக்குத் தெரிந்த குழந்தைக்கும் விளங்கும். விளங்கியும் வாளாவிருந்தோம். கரையோரப் பரப்புக்குள் புகுந்தால் நாட்டுப்படகுத் தமிழனோடு சண்டை. எல்லையைத் தாண்டினால் ஈழத்துத் தமிழனோடு சண்டை!

சரி, வழி என்ன?

ஆழ்கடலுக்குப் போ என்றார்கள். 2017இல் பாக் நீரிணைக்கென்றே ஒரு திட்டம் வந்தது. இழுவலைப் படகை ஒப்படைத்தால், சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகு. விலை எண்பது இலட்சம். மைய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு, மீனவன் பத்தில் ஒரு பங்கு, எஞ்சிய ஐந்தில் ஒரு பங்கு வங்கிக் கடன். மூன்றாண்டில் இரண்டாயிரம் படகு என்பது இலக்கு. அந்த இலக்கின் அருகேகூடச் செல்ல முடியவில்லை. ஏன்? மானியம் போக மீனவன் தலையில் விழுவது இருபத்துநான்கு இலட்சம். விடிந்தால் வீடு திரும்பிப் பழகியவன் வாரக்கணக்கில் கடலிலே கிடக்கவேண்டும். தூண்டில் கயிற்றில் சூரை பிடிக்கும் கலை அவனுக்குப் புதிது. பதின்மூன்று மீட்டர் கடலில் வாழ்ந்தவனை ஆயிரம் மீட்டர் கடலுக்கு அனுப்புமுன் அவனுக்குக் கற்பிக்கவேண்டாமா? பயிற்சிக் காலத்தில் அவன் வீட்டில் உலை கொதிக்கவேண்டாமா? திட்டம் தவறன்று. படகைக் கணக்கிட்டவர்கள் மனிதனைக் கணக்கிடவில்லை; அதுதான் தவறு. போக விரும்புவோர் போகட்டும். அவர்க்குத் தோள் கொடுப்போம். விரும்பாதவனின் இழுவலைப் படகை உரிய விலை கொடுத்து அரசு வாங்கிக்கொள்ளட்டும். எந்தச் சக்கரத்திலே அரசு மானியம் கொடுத்து ஏற்றியதோ, அதிலிருந்து அரசே மானியம் கொடுத்து இறக்கவேண்டும். அது சலுகையன்று, கடன்தீர்ப்பு.

அருகிலேயே உள்ள வழிகளும் சில. நண்டு வலையும் வழிவலையும் தரையை உழாதவை. நண்டும் கணவாயும் இன்றும் இந்தக் கரையின் செல்வம். முட்டை சுமந்த நண்டையும் குஞ்சு நண்டையும் கடலிலே திரும்ப விட்டால் அது நாளைய செல்வமும் ஆகும். மண்டபத்திலுள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இறால் குஞ்சு பொரித்துப் பாக் நீரிணையில் விடுகிறார்கள். அங்கேதான் 2010இல் கடல் விறாலைப் பொரிக்கச் செய்து, கூண்டில் வளர்க்கவும் வழி கண்டார்கள். அந்த அறிவு ஆராய்ச்சி ஏட்டிலிருந்து கோட்டைப்பட்டினத்துப் படிப்பகத்துக்கு வரவேண்டும்.

2022இல் தமிழ்நாடு அரசு, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடற்பரப்பில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இதுவே முதலாவது. ‘இனிக் கடலுக்கே போகவிடமாட்டார்களோ?’ என்று மீனவர் அஞ்சுகிறார்கள். அச்சம் இயல்பு, அதிகாரி பேசவில்லையென்றால் அச்சம்தான் பேசும். ஆவுளியா மேய்வது புல்லை; புல் வாழ்ந்தால் இறால் வாழும்; இறால் வாழ்ந்தால் மீனவன் வாழ்வான். ஆவுளியாவும் மீனவனும் பகைவரல்லர். ஒரே புல்வெளியை நம்பிய பங்காளிகள். இதை எடுத்துச் சொல்லி, காவலை மீனவர் கையிலேயே ஒப்படைத்தால், கடலுக்கு அவனைவிடச் சிறந்த காவலன் யார்?

இவற்றுக்கெல்லாம் மேலாக, கரையிலே சங்கம் வேண்டும். தம் மீனைத் தாமே ஏலம்விடும் சங்கம். சங்காயம் பொறுக்கும் பெண்ணுக்கும் வாக்குள்ள சங்கம். அவ்வூரின் தர்காவிலே எல்லாச் சமயத்தாரும் வந்து நிற்பதை நாம் கண்டோம். படகிலே ஏறும்போது சாதியைக் கரையிலே வைத்துவிட்டு ஏறுவதாகப் பெருமையாகச் சொன்னார்கள். வழிபாட்டில் கூடுகிறவர்கள், படகில் கூடுகிறவர்கள், விலை கூறும் இடத்தில் மட்டும் ஏன் தனித்தனியே நிற்கவேண்டும்?

ஒன்றை மறந்துவிட்டோம். அன்று விடைபெறும்போது மூதாட்டி தம் பேரனைக் காட்டினார். பத்தாம் வகுப்பில் தேறியவன். “மேல படிக்கணும்ங்கிறான் தம்பி. அவன் அப்பன் வாங்குன முன்பணத்துக்கு இவனப் படகுல ஏத்தச் சொல்றாக” என்றார். நாகப்பட்டினத்திலே 2012 முதல் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கடலைப் பற்றிப் படிக்கக் கடலோரத்துப் பிள்ளையைவிடத் தகுதியுடையவன் எவன்? அவனோ, தந்தையின் கடனுக்கு ஈடாக, நாளைய மீனை வாரும் படகிலே ஏறவேண்டும்! சங்காயத்தில் கிடந்த சீலாக் குஞ்சையும் அந்தச் சிறுவனையும் சேர்த்தே நினைக்கிறோம். இரண்டையும் வளரவிடாமல் வாருகிறோம். இரண்டையும் மலிவாக விற்கிறோம்.

படிப்பக இளைஞர்களுக்கு எழுதினோம். முன்பணத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தரும் பொறுப்பை அவர்களும் நாமும் ஏற்றுக்கொண்டோம். பையன் பதினோராம் வகுப்பில் சேர்ந்துவிட்டான். ஒரு பிள்ளையைக் கரையேற்றியதால் ஊர் கரையேறிவிடாது என்பதை அறிவோம். எத்தனையோ பிள்ளைகள் இன்னும் படகில் இருக்கிறார்கள்.

கச்சத்தீவைப் பற்றி இனிப் பேசமாட்டோமா? பேசுவோம். உரிமை உரிமைதான். ஆனால் ‘அது வந்தால் மடி நிறையும்’ என்று இனிச் சொல்லமாட்டோம். தரையை உழும் மடி எந்தக் கடலுக்குப் போனாலும் அந்தக் கடலை வெறுமையாக்கும். மடியை மாற்றினால்தான் மடி நிறையும்.

படிப்பகத்தின் ஆண்டு விழாவுக்கு மறுபடி அழைத்திருக்கிறார்கள். செல்ல இசைந்திருக்கிறோம். இம்முறை முதல்நாள் விடியலிலேயே சென்று சேர்வதாக எழுதியிருக்கிறோம். முதலில் கரைக்கு, பிறகுதான் மேடைக்கு.